புள்ளத்தாச்சி மீன்

சாமி,

உன் கார்டு இன்று காலையில் வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. பாவாயியை வண்டியில் ஏற்றாதே. இதுதான் கடிதம். இதற்குக் கீழே எழுதுவதெல்லாம் ஏன் ஏற்றக் கூடாது என்பதற்குத்தான். அதையும் நீ முழுக்கப் படித்தாக வேண்டும். ஏனென்றால் நீ உன் அப்பாவைப் போல, பெண்டாட்டி சொன்னாலும் அம்மா சொன்னாலும் முதல் வரிக்கே தலையாட்டிவிட்டு, பிறகு ஊர் சொன்னதைச் செய்கிறவன்.

“வரும் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. காப்புக் கட்டிக்கொள்கிற வீட்டில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டு வண்டியில் பாவாயியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஊரை எதிர்த்து நான் என்ன செய்ய முடியும்?” என்று எழுதியிருக்கிறாய். கார்டில் பாதி இடம் காலியாகக் கிடக்க, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டால் சொல்ல உனக்கு ஒரு வரி கூடவா இல்லை? உன் தங்கையின் பிரசவத்துக்காக நான் இங்கே உன் மாமன் வீட்டுக்குக் கிளம்பி வந்தபோதே பாவாயிக்குக் கால் வீங்கியிருந்தது, வயிறு இறங்கியிருந்தது. இப்போது மாதம் நிறைந்துவிட்டது. அவள் அம்மா வீடு நாமக்கல்லையும் தாண்டி ஆற்றங்கரையில். இந்த யுத்த காலத்தில் கரி போட்டு ஓட்டுகிற பஸ் எந்த மேட்டில் நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது, அதனால் மாட்டு வண்டி என்கிறாய். பொழுது முழுக்க வெயிலில், கல்லிலும் பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போடுகிற வண்டியில். வழியில் அவளுக்கு வலி எடுத்தால் யாரடா பார்ப்பது? மாட்டை ஓட்டுகிறவனா?

நானே இன்று கிளம்பி வந்திருப்பேன். நாளைக்குத்தான் உன் தங்கைக்கும் பிள்ளைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அது முடியாமல் இந்த வீட்டை விட்டு வந்தால், தீட்டோடு வந்தவள் என்று சொல்லி என்னை நம் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருகிறது. விடிந்ததும் உன் மாமன் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வண்டி கட்டுகிறான். அங்கே சரக்கு இறக்க வரும் நம் ஊர் வெங்காய வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் உன் கைக்கு வந்துவிடும். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

உன்னை ஊரில் எல்லோரும் ‘வண்டியில பொறந்தவன்’ என்று கேலி செய்வார்கள். சின்ன வயதில் நீ வண்டி மேலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் உன் அப்பா, “அதுதானுங்க அவன் பொறந்த ஊடு” என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது சிரிக்கிற கதையாகவே நம் வீட்டில் தங்கிவிட்டது. அதன் மற்றப் பாதியை நாங்கள் இருவருமே உனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய வேளை வரும் என்று நான் நினைக்கவும் இல்லை, அதுவும் உன் கையாலேயே வரும் என்று.

உனக்கு முன்னே எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டுமே தவழத் தொடங்குவதற்கு முன் குளிர்காய்ச்சலில் போய்விட்டன. கம்பளிமேல் கம்பளி போட்டுப் போர்த்தியும் நடுங்குகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மூன்றாவதாக நீ வயிற்றில் இருந்தபோது, ராசிபுரத்திலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த தகர டப்பாவில் மீன். இவ்வளவுதானா என்று சிரிப்பு வரும், அத்தனை சின்னது. ஆண் மீனுக்கு உடம்பெல்லாம் புள்ளி, கறுப்பும் மஞ்சளும் குங்குமச் சிவப்புமாக. பெண் மீன் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். புள்ளி கிடையாது, அடிவயிற்றில் மட்டும் ஒரு கறுப்புக் கறை. அவர் சொன்ன இங்கிலீஷ் பேர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. “கெணத்துல உடுங்க. கொசுப்புழுவ ஒண்ணு உடாமத் தின்னுரும். கொசு இல்லீன்னா இந்தக் காய்ச்சலும் இல்லீங்க” என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினார்.

ஊரில் அதற்குப் புள்ளி மீன் என்று பேர் வைத்தார்கள். மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது சால் வாளியில் ஏறி மேலே வந்துவிடும், தண்ணீரோடு வாய்க்காலில் ஓடி வெங்காயப் பாத்தியில் போய்த் துள்ளும். உன் அப்பா வாய்க்கால் தலைப்பில் ஒரு மூங்கில் கூடையைக் கட்டி வைத்து, மாடு முன்னும் பின்னும் நடக்கிற நேரமெல்லாம் ஒரு கண்ணைக் கூடையிலேயே வைத்திருப்பார். சிக்கினதைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடித் திரும்பக் கிணற்றில் விடுவார். கவலை ஓட்டுகிறவர்கள் பார்த்து, “ஏனுங்க, மீனுக்குத் தாதி வேல பாக்கறீங்களா?” என்பார்கள். அவருக்குக் காதிலேயே விழாது. இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்தவர், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார்.

பிறகு நடந்ததற்கு என் வாய்தான் ஆரம்பம். சேலத்தில் மிட்டாய்க் கடையிலிருந்து வாங்கி வந்த கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண் மீனைப் போட்டு ஜன்னலில் வைத்திருந்தேன், வெயில் படும்போது பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் அரிசி களைந்துகொண்டே பார்க்கிறேன், அதன் வயிற்றின் அடியிலிருந்து ஏதோ மடிந்து விழுந்தது. விழுந்தது நிமிர்ந்தது. நிமிர்ந்து நீந்தியது! அடுத்து இன்னொன்று. வயிற்றில் நீயும் அப்போது உதைத்தாய். “ஏனுங்க, இங்க ஓடியாங்க! மீனு புள்ள பெக்குது! முட்ட இல்லீங்க, புள்ள!” என்று கத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது. அன்றைய பொழுது சாய்வதற்குள் புள்ளி மீன் என்ற பேர் போய், புள்ளத்தாச்சி மீன் என்று ஆகிவிட்டது.

அந்தச் சந்தோஷம் பண்டிகை சாட்டி நாள் குறிக்கும்வரைதான். மாரியம்மன் கோயில் முன்னால் நடுகிற கம்பத்துக்குப் பெண்கள் ஊற்றுகிற தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர்தான் என்பதும், காப்பு நம் வீட்டு ஆண்பிள்ளை கையில்தான் என்பதும் உனக்குத் தெரியும். ஊர் கூடியது நம் வாசலில். உன் பெரியப்பா அப்போதே ஊர்க் காரியங்களுக்கு முன்னால் நிற்கிறவர். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எடுத்ததும் உன் அப்பாவைக் கேட்டது, “அம்மிணிக்கு இது எத்தனாவது மாசம்?” என்று. நெறமாசம் என்று உன் அப்பா சொன்னார். அப்புறம்தான் மீனுக்கு வந்தார்கள்.

“முட்ட போட்டாத் தீட்டு இல்ல. கோழி முட்ட போடுது, நாம என்ன ஊட்டக் கழுவியா உடறோம்? பெத்தாத் தீட்டு. கெணத்துக்குள்ளயே ஒண்ணு மாத்தி ஒண்ணு பெத்துக்கிட்டுக் கெடந்தா, அந்தத் தண்ணிய அம்மன் கம்பத்துக்கு எப்படி ஊத்தறது?” என்றார் பெரியப்பா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, சாமி. மெய்யாகவே பயந்துதான் சொன்னார். சுண்ணாம்புக் கல்லைக் கொட்டினால் எல்லாம் செத்து மிதக்கும், அள்ளிப் போட்டுவிட்டு ஊறின தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். உன் அப்பா எழுந்து நின்றார். “கொல்ல வேண்டாமுங்க. என்ற புள்ளைக்கோசரம் உட்டதுங்க” என்றார். அவர் அந்த ஊர்க்கூட்டத்தில் அதுவரை வாய் திறந்து எதையும் கேட்டதே கிடையாது. பெரியப்பாவுக்கும் மனசு இளகிவிட்டது. “சரி, கொல்ல வேண்டாம். ஊருக்கு வெளிய கொண்டு போயிரு. உன்ற பொண்டாட்டியையும்தான். ரெண்டு புள்ளத்தாச்சியும் எல்ல தாண்டிப் போவட்டும். எட்டத்துல பொறந்தாத் தீட்டு இல்ல. சேதி காதுல உழுந்தாத்தான் தீட்டு. காப்பு அவுக்கறமுட்டும் யாரும் சேதி சொல்லிராதீங்க” என்றார். ரெண்டு புள்ளத்தாச்சி என்றதும் கூட்டமே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

அவரை நான் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். மீனுக்காக வாய் திறந்தவர் எனக்காக ஏன் திறக்கவில்லை என்று எத்தனையோ தடவை கேட்க நினைத்து விட்டிருக்கிறேன்.

காப்புக்கு முதல் நாள் வண்டி கட்டினார்கள். அம்மன் கிணற்று மீன் ஆயிற்றே, நல்ல பாத்திரத்தில் போக வேண்டும் என்று இருக்கிறதிலேயே பெரிய பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாகப் பளபளக்க வைத்தேன். உன் அப்பா துண்டால் வடித்து வடித்து மீனை அதில் விட்டார். துணைக்கு வருவதாக இருந்த உன் அத்தைக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். நானும் வண்டிக்காரரும் மடியில் குடமுமாக, இதோ நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற இந்த வீட்டுக்கு, என் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். சேலம் வருவதற்குள்ளேயே இடுப்பு இழுக்க ஆரம்பித்தது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது குடத்தை ஒரு கையால் பிடிப்பேன், வயிற்றை ஒரு கையால் பிடிப்பேன். குடத்துக்குள் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என்ன ஆயிற்று இவற்றுக்கு என்று எனக்குப் புரியவில்லை. சேலத்தைத் தாண்டி ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் வரும்போது என்னால் முடியவில்லை. “அய்யோ, நிறுத்துங்க!” என்று கத்தினேன். நீ வைக்கோலில் வந்து விழுந்தாய். அழவில்லை.

இதுதான் உனக்குச் சொல்லாத பாதி. நீ அழவில்லை, நீலமாகக் கிடந்தாய். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. வண்டிக்காரர் பெரியவர், ஆண்பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டில் நின்று, “யாராச்சும் இருக்கீங்களா, தாயே!” என்று கூவினார். ரோட்டோரத்தில் தோல் மண்டிக்காரர் ஒருவர் வீடு, ராவுத்தர் வீடு. அந்த வீட்டு அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. உன்னைத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் தட்டினார், வாயில் விரலை விட்டு வழித்தார், ஊதினார், மறுபடி தட்டினார். நீ பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாய். என்னை இரண்டு பெண்கள் தூக்கி உள்ளே கொண்டு போனார்கள். தீட்டு என்று முனகினேனாம். “பேசாமப் படும்மா. எங்க ஊட்டுல புள்ள வந்தாச் சந்தோசந்தான்” என்றாராம் அந்த அம்மா.

வெந்நீர் வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும் என்று என் குடத்தைத் தூக்கினார். உள்ளே மீன். “இது என்னம்மா கூத்து!” என்று சொல்லிவிட்டு, மீனையும் தண்ணீரையும் தம் வீட்டு மண்சட்டியில் கவிழ்த்தார். அது எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. படுத்தபடியே பார்த்தேன். பாதி மீன் செத்து மிதந்தது. மீதி கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் மீன் நிற்காது என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் நான் பார்த்தது செத்த மீனை அல்ல. சட்டியின் அடியில் மணல் தூவினது போல ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். வயிறு நிறைந்திருந்த மீன்களெல்லாம் வழியிலேயே, முற்றாத குஞ்சுகளைப் போட்டுவிட்டிருந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை. உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மா பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, எதற்கு அழுகிறாய் என்று கேட்டார். நான் சட்டியைக் காட்டினேன்.

உன் அப்பாவுக்குச் சேதி போகவில்லை. அதுதானே கட்டளை. நீ பிறந்த சேதி மட்டும் அல்ல, நான் இருக்கிறேனா செத்தேனா என்ற சேதியும் சேர்ந்துதான் போகவில்லை. உன் மாமன் வந்து எங்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்தான். வண்டிக்காரர் மறுநாள் திரும்பிப் போனார். உன் அப்பா கையில் காப்போடு வாசலில் நின்றார். எதுவும் கேட்கக் கூடாது, எதுவும் சொல்லக் கூடாது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தாராம். போகும்போது போட்ட வைக்கோல் இல்லை. பலகையைத் தேய்த்துக் கழுவிப் புது வைக்கோல் பரப்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பண்டிகை முடிகிறவரைக்கும் அக்கினிச் சட்டி எடுத்தார், கம்பத்தைச் சுற்றினார், சிரித்தவர்களோடு சிரித்தார். காப்பை அவிழ்த்த கையோடு இங்கே ஓடி வந்தார். வாசலில் நின்ற என் தம்பியிடம் என்ன பிள்ளை என்று கேட்கவில்லை. “இருக்காளா?” என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஊரெல்லாம் வண்டியில பொறந்தவன் என்று சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எதற்கு என்று இப்போது உனக்குத் தெரிகிறதா?

உன்னையும் பிழைத்த மீன்களையும் ஒரே வண்டியில் கொண்டு வந்தேன், மீனை மண்சட்டியில். உன்னைக் காய்ச்சல் தொடவில்லை, உன் தங்கையையும் தொடவில்லை. மீனால்தானா என்று எனக்குத் தெரியாது. கிணற்றில் புழு இல்லை, அது தெரியும். ஊரும் பழகிக்கொண்டது. வருஷா வருஷம் காப்புக்கு முன்னால் புள்ளத்தாச்சி மீனை எடுத்துக்கொண்டு போய், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் தோட்டத்துச் சாளைக் குடிசையில், கல்தொட்டியில் விடுவது, பண்டிகை முடிந்ததும் திரும்பக் கொண்டு வருவது என்று அதுவே ஒரு முறையாகிவிட்டது. மீன் பொறந்த ஊட்டுக்குப் போவுது என்று பெண்கள் குலவை கூடப் போட்டார்கள். நீ ஓட்டமாக ஓடிப் படியேறும் வயது வந்ததும் அந்த வேலையை நீதான் கேட்டு வாங்கிக்கொண்டாய்.

ஒரு வருஷம், பண்டிகை நடுவில் தண்ணீர் சேந்தப் போனேன். கிணற்றில் மீன் இல்லை என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிற வேளை. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பொந்து இருக்கிறதே, அதை யாரோ பனையோலைத் தடுக்கால் அடைத்திருந்தார்கள். விலக்கினால் உள்ளே வயிறு புடைத்த மீன்கள், கூடவே பொடிப்பொடியாகக் குஞ்சுகள், எல்லாம் உயிரோடு. நிமிர்ந்தால் நீ மேல்படியில் நிற்கிறாய், முகம் வெளுத்துப்போய். நீ சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“அம்மா, யாருகிட்டயும் சொல்லாத. வவுறு கறுத்ததத் தூக்கிட்டுப் போனா வழியிலயே கொறையாப் போட்டுட்டுச் செத்துருது. போன வருசமும் செத்துது, அதுக்கு முந்தின வருசமும் செத்துது. அந்தக் கறுப்பு பெருசானதுகள மட்டும் எடம் மாத்தக் கூடாதும்மா.”

“டேய், தீட்டுடா. கம்பத்துக்கு ஊத்தற தண்ணிடா இது” என்றேன்.

“காதுல உழுந்தாத்தானே தீட்டு? பெரியப்பாவே சொன்னாரு. நீ சொல்லாத உட்டா யாரு காதுல உழும்?”

நான் தடுக்கைத் திரும்ப வைத்து அடைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினேன். அந்தத் தண்ணீரைத்தான் கம்பத்துக்கு ஊற்றினேன். அம்மா, ஏதாவது செய்வதானால் எனக்குச் செய், அவனை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. அந்த வருஷம் மழை கூடப் பெய்தது. அதற்கு அப்புறம் வருஷா வருஷம் நீ அப்படியே செய்தாய், நான் வருஷா வருஷம் சொல்லாமல் இருந்தேன். உன் அப்பா போய், காப்பு உன் கைக்கு வந்த பிறகும் நீ விடவில்லை. கையில் காப்பைக் கட்டிக்கொண்டே, கிணற்றில் குஞ்சு பிறந்துகொண்டிருக்கிற சேதி தெரிந்தே, கம்பத்தைச் சுற்றி ஆடினவன் நீ. உன் கண்ணை அவள் குத்தினாளா? அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? அம்மா என்றுதானே? பெற்றதைப் பார்த்து அவள் முகம் சுளிப்பாள் என்று யாருக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இப்போது கேள். ஊரை எதிர்க்கச் சொல்லவில்லை. காப்பை விட்டால் கோயில் முதல் மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடும் என்பதுதானே உன் பயம்? அது போக வேண்டாம். எல்லை தாண்ட வேண்டும் என்றுதான் பெரியப்பா சொல்கிறார், எத்தனை தூரம் என்று அவர் சொல்லவில்லை. தோட்டத்துச் சாளை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்தான். மீனுக்கு அது பிறந்த வீடு என்றால் பாவாயிக்கும் இருக்கட்டும். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தோளில் அலுங்காமல் கொண்டு போங்கள், நடக்க விடாதே. மருத்துவச்சி ராமாயியை இப்போதே போய்ச் சாளையில் இருக்கச் சொல். அவள் முணுமுணுத்தால் நான் சொன்னேன் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நான் வந்துவிடுவேன், நேரே சாளைக்குத்தான் வருவேன், ஊருக்குள் வர மாட்டேன். உன் மூத்த மகளை, என் பேத்தியை, உன்னிடமே வைத்துக்கொள். அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டினால் உன் காப்பு ஒன்றும் அவிழ்ந்துவிடாது.

காப்பு அவிழ்க்கும்வரை உன் காதில் சேதி விழாது. நான் கூப்பிட மாட்டேன், ராமாயியும் கூப்பிட மாட்டாள். ஆனால் உன் அப்பா வைக்கோலைப் பார்த்துக்கொண்டு தவித்த மாதிரி நீ தவிக்க வேண்டாம். காதில் விழக் கூடாது என்றுதான் முறை, கண்ணில் படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோயில் மேட்டில் நின்றால் சாளைக் கூரை தெரியும். என் மஞ்சள் சேலை அங்கே காய்ந்தால் இரண்டு உயிரும் நலம் என்று வைத்துக்கொள். காயாவிட்டால் இன்னும் ஆகவில்லை என்று வைத்துக்கொள். வேறு எந்தச் சேலையும் அந்தக் கூரைமேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, அம்மன் பொறுப்பு.

இத்தனையும் படித்துவிட்டு, பெரியப்பா ஒரு பார்வை பார்த்ததும் நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைப் பூட்டத்தான் போவாய் என்றால், பூட்டுமுன் கூண்டு வண்டியின் சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பார். கடையாணி இரண்டும் இருக்காது. திருடன் எவனும் வரவில்லை. நான் இங்கே கிளம்பிய அன்று பெரியப்பா வாசலில் நின்று உன்னைக் கேட்டது அடுப்படியில் இருந்த என் காதில் விழுந்தது. “பாவாயிக்கு இது எத்தனாவது மாசம்?” அதே வார்த்தை, அதே குரல். நீ நெறமாசம் என்றாய். அப்போதே போய் இரண்டையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். இப்போது என் தலைமாட்டில் இருக்கின்றன.

நீ ஆசாரி பட்டறைக்குப் போனால் புதிதாக அடித்துக் கொடுத்துவிடுவார், பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் இரும்பு பழுக்கிறவரை நீ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கொஞ்ச நேரம் கிணற்றுப் பொந்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. வயிறு கறுத்ததை இடம் மாற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

உன் அம்மா